நாவல் நடந்த ஊரில் ஒரு வகுப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மே மாதம் பருவத் தேர்வு முடிந்த கையோடு ஆங்கிலத் துறைகளிலிருந்து சின்னச் சின்னக் கூட்டங்கள் விமானம் ஏறும். பன்னிரண்டு முதல் இருபது மாணவர்கள், ஓர் ஆசிரியர், சில சமயம் துணைக்கு இன்னொருவர். லண்டன், யார்க்‌ஷயர், டப்ளின் என்று மூன்றிலிருந்து ஐந்து வாரம் தங்குவார்கள். ஒவ்வொருவர் பையிலும் அடிக்கோடு போட்ட நாவல் இரண்டு மூன்று இருக்கும். ஊர் திரும்பும்போது மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடம் முடிந்திருக்கும். இலக்கியப் படிப்புப் பயணம் என்பது இதுதான்.

நம் கல்லூரிகளில் 'ஐ.வி.' என்று ஒன்று உண்டு. காலையில் ஒரு தொழிற்சாலையை எட்டிப் பார்த்துவிட்டு, மாலைக்குள் கொடைக்கானல் போய்ச் சேர்ந்துவிடுகிற பயணம். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். இங்கே பயணமே பாடம். பாடம் என்றால் கட்டுரை உண்டு, வருகைப் பதிவு உண்டு, தேறாமல் போகிற ஆபத்தும் உண்டு.

வெளிநாட்டில் படித்த காலத்தைச் சொந்தக் கல்லூரியின் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் நூறு வயது ஆகிவிட்டது. 1923 ஜூலையில் டெலவர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட் எட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குக் கப்பலேறினார். அவர் முதல் உலகப் போரில் பங்கெடுத்தவர். அந்த மாணவர்கள் பிரான்சில் ஓராண்டு படித்ததும் பட்டத்துக்குக் கணக்கானது. ஓராண்டு என்பது இன்று பலருக்குக் கட்டுப்படியாகாது. வேலை, கடன், குடும்பம் என்று ஆயிரம் இருக்கும். அதனால்தான் சொந்த ஆசிரியரோடு சில வாரம் போய்வரும் குறுகிய பயணங்கள் பெருகியிருக்கின்றன.

சில வாரத்தில் ஒரு பாடத்தை எப்படி முடிப்பார்கள்? கணக்கு இப்படி. அமெரிக்க முறையில் மூன்று கிரெடிட் பாடம் என்றால் ஏறத்தாழ 45 மணி நேர வகுப்பு. ஊரில் இருந்தால் இது பதினைந்து வாரத்தில் பரவிக் கிடக்கும். பயணத்தில் மூன்று நான்கு வாரத்துக்குள் அடக்க வேண்டும். ஆகவே நூல்களைக் கிளம்புவதற்கு முன்பே படித்து முடித்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். விமானத்தில் படித்துக்கொள்ளலாம் என்று வருகிற மாணவர் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வார். காலையில் விடுதியின் பொது அறையில் இரண்டு மணி நேரம் வகுப்பு. மதியம் ஓர் இடத்துக்கு நடை. வாரத்தில் ஓரிரு மாலை நாடகம். இரவில் அன்றன்றைய குறிப்பேடு. பிரிட்டனில் கோடையில் பல்கலைக்கழக விடுதிகள் காலியாகிவிடுவதால் அந்த அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஓட்டலைவிட மலிவு, பொதுச் சமையலறையும் இருக்கும். மாணவர்களின் சாப்பாட்டுச் செலவு பாதி அங்கேயே மிச்சமாகும்.

சரி, இவ்வளவு செலவழித்துப் போய் எதைப் பார்க்கிறார்கள்? எழுத்தாளர் பிறந்த வீடு, எழுதிய மேசை, புதைத்த கல்லறை. விளம்பரத் தாள்களில் நாவலின் பக்கங்கள் கண்முன் உயிர் பெறும் என்று எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால் அப்படி எதுவும் உயிர் பெறுவதில்லை. நாவலில் உள்ள ஊரும் நிலத்தில் உள்ள ஊரும் பெரும்பாலும் பொருந்துவதே இல்லை. எங்கே பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்று கேட்க ஆரம்பிக்கும்போதுதான் மாணவருக்குப் பாடம் கிடைக்கிறது. நல்ல ஆசிரியர் அந்தப் பொருத்தமின்மையைத் தேடித்தான் வகுப்பைக் கூட்டிப் போகிறார்.

இதற்கு யார்க்‌ஷயரில் உள்ள ஹாவர்த்தைவிட நல்ல சான்று கிடைக்காது. சார்லட், எமிலி, ஆன் என்ற பிரான்டி சகோதரிகள் வாழ்ந்த மலையோரச் சிற்றூர். தந்தை பேட்ரிக் பிரான்டி 1820இல் இங்கே மத குருவாக வந்தார். 1847இன் கடைசி மூன்று மாதங்களுக்குள் 'ஜேன் அயர்', 'வுதரிங் ஹைட்ஸ்' இரண்டும் வெளிவந்தன. குடும்பம் வாழ்ந்த குருமனை 1928 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஊரிலிருந்து மூன்று மைலுக்கு மேல் புதர்க்காட்டு மேட்டில் ஏறினால் டாப் விதன்ஸ் என்ற பாழடைந்த பண்ணை வீடு வரும். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல். கூரை இல்லை, கல் சுவர்கள்தான் மிச்சம். 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் வரும் வீடு இதுதான் என்று உலகமே நம்பி நடந்து வருகிறது. வழிகாட்டிப் பலகைகளில் ஜப்பானிய எழுத்துகூட இருக்கும். அந்த அளவுக்குக் கூட்டம். மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தால் சுவரில் ஒரு கற்பலகை. பிரான்டி கழகம் 1964இல் பதித்தது. இந்தக் கட்டடம் முழுதாக இருந்த காலத்திலும் எமிலி வருணித்த வீட்டைப் போல இருந்ததில்லை, சுற்றியுள்ள நிலம் வேண்டுமானால் அவர் மனதில் இருந்திருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் ஓயாமல் கேட்பதால்தான் இந்தப் பலகையை வைத்தோம் என்ற விளக்கமும் உண்டு.

சில மாணவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அங்கேயே உட்காரவைத்து நாவலின் முதல் அத்தியாயத்தைத் திறக்கச் சொல்வதுதான் ஆசிரியரின் வேலை. எமிலி வீட்டைப் பற்றி என்ன சொல்கிறார், காற்றைப் பற்றி என்ன சொல்கிறார், எதற்கு அதிக இடம் தருகிறார்? வீட்டின் முகப்பையும் சன்னலையும் வேறெங்கிருந்தோ எடுத்திருக்கலாம். ஒரே பக்கமாகச் சாய்ந்த மரத்தைச் சாய்த்த காற்றை இங்கிருந்து எடுத்திருக்கலாம். நாவலாசிரியர் ஓர் இடத்தைப் பெயர்த்தெடுத்து வைப்பதில்லை, நாலைந்து இடங்களைக் கலைத்து அடுக்குகிறார் என்பது வகுப்பறையில் சொன்னால் ஒரு வரிக் குறிப்பு. முகத்தில் மழை அடிக்க அந்தப் பலகையின் முன்னால் நின்று அதைத் தானாகக் கண்டுபிடித்த மாணவர் தேர்வுக்குப் பிறகும் மறக்க மாட்டார்.

குருமனைக்கு முன்னால் இருக்கும் கல்லறைத் தோட்டமும் அப்படித்தான். இன்று அது மரநிழலில் அழகாக இருக்கிறது. படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை. அந்த மரங்கள் சகோதரிகள் இறந்த பிறகு நட்டவை. தேவாலயமும் கோபுரம் நீங்கலாக 1879க்குப் பிறகு இடித்துக் கட்டியது. சகோதரிகள் சன்னல் வழியே பார்த்தது நெருக்கமாகக் கல்லறைகள் அடுக்கிய மொட்டை மேட்டை. ஊரின் சுகாதாரக் கேட்டைப் பற்றிப் பேட்ரிக் பிரான்டி விடாமல் மனுப் போட்டதன் பேரில் அரசு ஓர் ஆய்வாளரை அனுப்பியது. கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜின் மகன் பெஞ்சமின் பாபேஜ்தான் அவர். 1850இல் அவர் கொடுத்த அறிக்கையின்படி அவ்வூரில் இறந்தவர்களின் சராசரி வயது 25 சொச்சம். நூற்றுக்கு 41 பேர் ஆறு வயது நிரம்பும் முன்பே இறந்துபோனார்கள். சாக்கடைக்கு வழியில்லை, குடிதண்ணீரில் அழுக்குக் கலந்தது. சகோதரிகளின் உடன்பிறந்த சகோதரர் பிரான்வெல் 1848 செப்டம்பரில் இறந்தார், எமிலி அதே ஆண்டு டிசம்பரில், ஆன் 1849 மே மாதம். எட்டு மாத இடைவெளிக்குள் ஒரே குடும்பத்தில் மூன்று சாவு. 'ஜேன் அயர்' நாவலில் பள்ளிச் சிறுமிகள் காய்ச்சலில் வரிசையாகச் சாவதைக் கதைக்காக ஊதிப் பெரிதாக்கியது என்று நினைத்த மாணவர், அறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்தில் நின்றால் வாயடைத்துப்போவார். சார்லட்டின் அக்காள் இருவர் உறைவிடப் பள்ளியில் நோய் பிடித்து வீடு திரும்பி, 1825இல் இறந்தவர்கள் என்பதையும் அப்போது சொல்ல வேண்டும்.

லண்டனில் தொடங்கும் பயணமாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். தேசிய உருவப்பட அரங்கில் பிரான்வெல் தீட்டிய சகோதரிகளின் படம் இருக்கிறது. நான்காக மடித்து அலமாரியின் மேல் கிடந்து 1914இல் கண்டெடுக்கப்பட்டது. மடிப்புத் தழும்பு இன்றும் முகங்களுக்கு நடுவே ஓடுகிறது. நடுவில் ஒரு தூண். தன்னைத் தீட்டிவிட்டு அழித்த இடத்தில் பிரான்வெல் தூணை வரைந்திருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு ஹாவர்த் போகிறவர்கள் அந்த வீட்டுக்குள் நுழைவதே வேறு மாதிரி இருக்கும்.

டப்ளின் கதை வேறு. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில் டப்ளினில் நடக்கிறது. அதை அவர் எழுதியது 1914 முதல் 1921 வரை. திரியெஸ்தெ, சூரிக், பாரிஸ் ஆகிய ஊர்களில். 1912க்குப் பிறகு டப்ளினை அவர் மிதிக்கவே இல்லை. தெருவும் கடையும் வீட்டு எண்ணும் அச்சாக இருக்கக் காரணம், பக்கத்தில் வைத்திருந்த 1904ஆம் ஆண்டு முகவரிப் புத்தகமும் டப்ளினில் இருந்த அத்தைக்கு எழுதிய கடிதங்களும். எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டின் கம்பி வேலியை ஒரு சாதாரண ஆள் ஏறிக் கடந்து, அடிபடாமல் கீழே குதிக்க முடியுமா என்று அத்தையிடம் கேட்டிருக்கிறார். நாவலில் கதாநாயகன் சாவியை மறந்துவிட்டு அப்படித்தான் தன் வீட்டுக்குள் போகிறான். இன்று அந்த வீடு இல்லை. இடித்துவிட்டார்கள், அங்கே மருத்துவமனை நிற்கிறது. கதவு மட்டும் தப்பி ஜேம்ஸ் ஜாய்ஸ் மையத்தில் காட்சிக்கு இருக்கிறது.

டப்ளினில் ஒரு பயிற்சியை நான் எல்லா ஆங்கில ஆசிரியருக்கும் பரிந்துரைப்பேன். நாவலின் பத்தாம் அத்தியாயம் பத்தொன்பது துண்டுகளால் ஆனது. பிற்பகல் மூன்று மணியை ஒட்டி நகரில் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு தெருக்களில் நடக்கிறார்கள், ஒருவரையொருவர் கடக்கிறார்கள். ஒரு பக்கம் பாதிரியார் கான்மி கால்நடையாகவும் டிராமிலும் வடகிழக்கே போகிறார். இன்னொரு பக்கம் அரசப் பிரதிநிதியின் குதிரை வண்டிகள் ஃபீனிக்ஸ் பூங்காவிலிருந்து ஆற்றங்கரையாக வருகின்றன. ஜாய்ஸ் வரைபடத்தில் சிவப்பு மையால் வழிகளைக் குறித்து, நிமிடக் கணக்குப் போட்டு எழுதினார் என்று அவருடைய நண்பர் ஃபிராங்க் பட்ஜன் பதிவு செய்திருக்கிறார். கிளைவ் ஹார்ட் என்ற ஆய்வாளர் அந்த வழிகளில் தாமே நடந்து நேரத்தைச் சரிபார்த்தார். வகுப்பிலும் அதையே செய்யலாம். மாணவர்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, மூன்று மணிக்கு அவரவர் இடத்திலிருந்து கிளம்பச் சொல்ல வேண்டும். யாரை எங்கே பார்த்தோம், எது தெரிந்தது, எது சுவர் மறைத்தது என்று குறித்துக்கொண்டு நான்கு மணிக்கு ஒரே இடத்தில் கூட வேண்டும். டிராம் தடம் மாறிவிட்டது. நாவலில் திரும்பத் திரும்ப வரும் நெல்சன் தூணை 1966இல் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். இப்போது அங்கே ஊசி போன்ற எஃகுக் கம்பம் நிற்கிறது. இருந்தாலும் கால் கணக்குப் பெரும்பாலும் சரியாக வரும். வகுப்பில் புரியவே புரியாத அத்தியாயம் என்று பெயர் வாங்கியதை இப்படி நடந்து முடித்த பிறகு மாணவர்கள் தங்களுக்குள்ளேயே விளக்கிக்கொள்வார்கள்.

ஏரி மாவட்டத்தைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். டாஃபடில் பூவைக் கண்ணால் காணாமலேயே வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை மனப்பாடம் செய்து ஒப்பித்த தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களை அவர் பார்த்தது 1802 ஏப்ரல் 15. கவிதையில் தனியே அலைந்ததாகச் சொல்கிறார். உண்மையில் தங்கை டாரதியும் கூடவே நடந்தார், அன்றைய காட்சியை நாட்குறிப்பில் விரிவாக எழுதியும் வைத்தார். கவிதை இரண்டாண்டு கழித்துத்தான் எழுதப்பட்டது. முதலில் நாட்குறிப்பு, பிறகு கவிதை என்ற வரிசையில் படித்துவிட்டு ஏரிக்கரையில் நடந்தால், தங்கையை வரியிலிருந்து நீக்கியதால் கவிதைக்கு என்ன கிடைத்தது என்ற விவாதம் தானாக மூண்டுவிடும். கோடைப் பயணத்தில் போகிறவர்களுக்குப் பூ மட்டும் கிடைக்காது. அது வசந்தத்தில் பூத்து முடிந்திருக்கும். ஜூனில் வெறும் புல்தான்.

லண்டன் குளோப் அரங்கத்தில் நாடகத்தை நின்றுகொண்டு பார்க்க வேண்டும். 1613இல் எரிந்துபோன பழைய அரங்கின் மாதிரியில், நடிகர் சாம் வானமேக்கரின் முயற்சியால் எழுந்து 1997இல் திறந்தது. மேடையைச் சுற்றியுள்ள முற்றத்துக்குக் கூரை கிடையாது. அங்கே நிற்கும் சீட்டு பல ஆண்டுகள் வெறும் 5 பவுண்டுக்குக் கிடைத்தது. மழை பெய்தால் நனைய வேண்டும், குடை பிடிக்கக் கூடாது. ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் ஏன் அடிக்கடி கூட்டத்தைப் பார்த்துப் பேசுகின்றன என்பதற்கு அங்கே உரை தேவைப்படாது.

ஆசிரியர்களின் பக்கம் வருவோம். மாணவர்களைக் கூட்டிப் போகிற ஆசிரியருக்கு அது விடுமுறை என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. பயணத்துக்கு ஓராண்டு முன்பே பாடத்திட்டம், செலவுக் கணக்கு, ஆபத்து மதிப்பீடு எல்லாம் எழுதிப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வாங்க வேண்டும். குறைந்தபட்ச எண்ணிக்கையில் மாணவர் சேராவிட்டால் அத்தனையும் குப்பைக்குப் போகும். போன இடத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் கைப்பேசி கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டைத் தொலைத்தவர், காலைச் சுளுக்கிக்கொண்டவர், ஊர் நினைப்பில் அழுகிறவர் என்று யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சார்லட் பிரான்டியைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

இதில் ஒரு நெருடலான விஷயம் உண்டு. கல்விச் சுற்றுலா நிறுவனங்கள் பல, இத்தனை மாணவர் சேர்ந்தால் ஆசிரியருக்கு ஓர் இடம் இலவசம் என்று வைத்திருக்கின்றன. சின்னக் கல்லூரிகளுக்கு அது உதவிதான். ஆனால் ஆசிரியரே ஆள் சேர்க்கிறவராகவும் ஆகிவிடுகிறார். அப்படிச் சேர்ந்த பயணங்களில் புத்தகப் பட்டியல் மெலிந்து, பேருந்தில் கடக்கும் ஊர்களின் எண்ணிக்கை பெருத்துவிடுவது வழக்கம்.

ஆசிரியர்கள் மாணவர்களாகப் போகிற ஏற்பாடுகளும் உண்டு. இவற்றைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி நடத்தும் பிரெட் லோஃப் ஆங்கிலப் பள்ளி கோடையில் ஆக்ஸ்ஃபோர்டின் லிங்கன் கல்லூரியிலும் நடக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். அயர்லாந்தின் ஸ்லைகோ நகரில் யேட்ஸ் கோடைப் பள்ளி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. 'யுலிசிஸ்' எழுதத் தொடங்கிய திரியெஸ்தெ நகரின் பல்கலைக்கழகம் ஜாய்ஸுக்கென்று ஒரு கோடைப் பள்ளி நடத்துகிறது. இந்த யேட்ஸ், ஜாய்ஸ் பள்ளிகளுக்கு எந்த நாட்டிலிருந்தும் தனி ஆளாக விண்ணப்பிக்கலாம். காலையில் உரை, மாலையில் சிறு குழுவாக உட்கார்ந்து படிப்பது. நம் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு வாரம் ஒதுக்க முடிந்தால் இது போதும். மொத்த வகுப்பையும் கூட்டிப் போவது அடுத்த கட்டம்.

எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. இந்தியவியல் அமெரிக்கக் கழகத்தின் தமிழ் வகுப்புகள் மதுரையில் நடக்கின்றன. அமெரிக்க மாணவர்கள் இங்கே வந்து தங்கித் தமிழ் படிக்கிறார்கள். சித்திரை வீதியில் நடந்துகொண்டே தமிழ் கற்பவருக்குக் கிடைப்பது, டப்ளின் தெருவில் நம் மாணவருக்குக் கிடைக்கக்கூடியது போலத்தான்.

பணம்தான் பெரிய தடை. அமெரிக்க மாணவர்களில் குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்கு 2001 முதல் கில்மன் உதவித்தொகை என்று அந்நாட்டு அரசு ஒன்று தருகிறது. நம் மாணவருக்கு அப்படிப் பொதுவான ஏற்பாடு எதுவும் இல்லாததால், கேட்கிற தொகைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். பத்து நாளில் எட்டு ஊர் என்று இருந்தால் அது சுற்றுலா. அதில் தப்பில்லை, படிப்பு என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி. ஹாவர்த்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டுக் கடையில் குளிர்பெட்டிக் காந்தம் வாங்கத்தான் நேரம் இருக்கும். மேட்டுக்கு ஏறி இறங்க அரை நாள் வேண்டும். எந்தெந்த நூல், எந்தப் பதிப்பு, எப்போதுக்குள் படிக்க வேண்டும், கட்டுரையை யார் திருத்துவார், கூட வரும் ஆசிரியர் அந்த வழியில் முன்பு நடந்திருக்கிறாரா என்று கேளுங்கள். கிரெடிட் கிடைக்கும் என்றால் உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை தேர்வுத் துறையில் செல்லாது.

லண்டனும் டப்ளினும் ஒரே பயணத்தில் இருந்தால் விசாவையும் கவனிக்க வேண்டும். அவை இரண்டு நாடுகள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஒரே விசாவில் இரண்டுக்கும் போய்வர ஒரு கூட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும், விசாவிலும் அத்திட்டத்துக்கான குறிப்பு இருக்க வேண்டும். பிரிட்டன் விசாவோடு நேரே டப்ளினில் இறங்குகிற மலிவு விமானச் சீட்டை வாங்கிவிட்டால் சிக்கல்தான். 'யுலிசிஸ்' நடக்கும் நாளான ஜூன் 16ஐ டப்ளினில் கழிக்க ஆசைப்படுகிறவர்கள் லண்டனை அதற்கு முன் வைத்துக்கொள்ளட்டும். அந்த நாளில் டப்ளின் அறைகளுக்குக் கிராக்கி அதிகம். சீக்கிரமே முன்பதிவு செய்துவிடுவது நல்லது.